நாயோட தண்ணிக்குப் போறீங்களா? ஒரு மாசம் முன்னாடியே கிளம்புங்க

1/ சனிக்கிழமை சம்பளம், ஞாயித்துக்கிழமை ஒரு நாள் லீவு. அருள்புரம், பல்லடம் ரோடு பக்கம் முக்கால்வாசி குடும்பத்தோட வாரம் இதுதான். அந்த ஒரு நாள்ல நாயையும் கூட்டிக்கிட்டு பரிசல், கயாக், கரையில டென்ட்டுன்னு போக ரீல்ஸ் பாத்து நிறைய பேருக்கு ஆசை வந்திருக்கு. தாராளமா போங்க. ஆனா அது சனிக்கிழமை ராத்திரி எடுக்குற முடிவா இருக்கக் கூடாது, ஒரு மாசம் முன்னாடி எடுக்கணும்ங்கறது என் கருத்து. ஏன்னு சொல்றேன், பொறுமையா படிங்க.

2/ முதல் காரணம் எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ். எலி, நாய், மாடு இதுங்களோட சிறுநீர் வழியா கிருமி தண்ணிலயும் ஈர மண்ணுலயும் கலக்கும். தோல்ல இருக்குற கீறல், கண்ணு, மூக்கு, வாய் வழியா நமக்குள்ள வரும். கட்டிங் டேபிள்ல விரல்ல பட்ட சின்ன வெட்டு, கால்ல இருக்குற பித்தவெடிப்பு, இதுவே போதும்.

3/ உங்க நாய்க்கும் இது வரும். வெளிய பாக்க நல்லா இருக்குற நாய்கூட சிறுநீர்ல கிருமியை வெளியேத்தலாம். ராத்திரி அதே டென்ட்டுக்குள்ளதான் உங்க பக்கத்துல படுக்கும். நாய்களுக்கு லெப்டோ தடுப்பூசி இருக்கு. முதல் தடவைன்னா சில வார இடைவெளியில 2 டோஸ், அப்புறம் வருஷா வருஷம். ஒரு மாசம்னு நான் சொல்றதுக்கு இதுதான் கணக்கு. கால்நடை மருத்துவர்கிட்ட நாயோட கார்டைக் காட்டி, ‘இதுல லெப்டோ இருக்கா?’ன்னு கேளுங்க. எல்லா வகை லெப்டோவையும் அந்த ஊசி தடுக்காது. அதனால கெட்டி நின்ன தண்ணில நாயை இறக்காதீங்க, குடிக்க விடாதீங்க. குடிக்கிற தண்ணி வீட்டுலருந்தே எடுத்துட்டுப் போங்க.

4/ பாலக்காடு தாண்டி ஆலப்புழா காயல் பக்கம் போறவங்க இன்னும் கவனமா இருங்க. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவுல எலிக்காய்ச்சல் பரவி, டாக்ஸிசைக்ளின் மாத்திரையை அரசே மக்களுக்குக் கொடுத்தது. அதைப் படிச்சுட்டு மெடிக்கல்ல நீங்களே வாங்கிப் போட்டுக்காதீங்க. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அது ஆகாது. தேவையான்னு டாக்டர்தான் சொல்லணும்.

5/ திரும்பி வந்த ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தா, ஓபி சீட்டு வாங்குனதும் முதல் வார்த்தையா ‘தண்ணில இறங்கினேன்’னு சொல்லுங்க. அதைச் சொல்லாட்டி அது இன்னொரு வைரல் ஃபீவர் மாதிரிதான் தெரியும். மஞ்சள் காமாலை வந்தாலோ சிறுநீர் குறைஞ்சாலோ ஒரு நாள்கூட தள்ளிப் போடாதீங்க. ஆரம்பத்துல வந்தா சாதாரண ஆன்டிபயாட்டிக்ல குணமாகுற நோய். லேட்டானா டயாலிசிஸ் வரைக்கும் இழுத்துட்டுப் போகும்.

6/ ரெண்டாவது ரேபீஸ். கரையில தெருநாய்ங்க வரும், உங்க நாயோட சண்டை வரும், நீங்க நடுவுல கையை விடுவீங்க. கடியோ கீறலோ பட்டா சோப்பு போட்டு, ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. தடுப்பூசி இலவசம்: 0, 3, 7, 28-ஆவது நாள். ஆழமான கடின்னா காயத்துலயே இம்யூனோகுளோபுலின் போடணும். அறிகுறி ஆரம்பிச்சுட்டா ரேபீஸ்ல இருந்து காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாது. உங்க நாய்க்கு ரேபீஸ் ஊசி முடிஞ்சு போச்சான்னு பாக்க வேண்டியதும் இந்த ஒரு மாசத்துலதான்.

7/ மூணாவது, இடம். அமராவதி அணை நம்ம மாவட்டம்தான், ஆனா அந்த நீர்த்தேக்கத்துல காட்டு முதலைகள் இருக்கு, சுத்தி ஆனைமலை புலிகள் காப்பகம். நஞ்சராயன் குளம் 2022-ல பறவைகள் சரணாலயமாச்சு, 2024-ல ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. அங்க நாயை அவிழ்த்து விட்டா நீர்க்கரையில இருக்குற பறவை மொத்தமும் கலையும். பில்லூர் அணையில பரளிக்காடு பரிசல் சவாரியை நடத்துறது வனத்துறை. அது காடு, நாய்க்கான இடம் இல்ல.

8/ ‘என் நாய் யாரையும் கடிக்காதுங்க’ன்னு சொல்வீங்க. கடிக்கவே வேண்டாம். கெனைன் டிஸ்டெம்பர்ன்னு ஒரு வைரஸ், நாய்கள்கிட்ட பரவுறது, காட்டு விலங்குகளையும் தாக்கும். 2018-ல குஜராத் கிர் காட்டுல 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து செத்தப்போ, அதுல பலதுல இந்த வைரஸ் இருந்தது உறுதியாச்சு. நாயைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகாம இருக்க இந்த ஒரு காரணம் போதும்.

9/ அப்போ பக்கத்துலயே நொய்யல் இருக்கேன்னு கேப்பீங்க. சாயக்கழிவு பிரச்சினையில 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆத்தோரம் பொறந்த ஊர்ல, ஒரு நாயை நம்பி இறக்கிவிட ஒரு ஆறு இல்லாம போச்சு. அதான் தள்ளிப் போக வேண்டியிருக்கு. நாய்க்கு அனுமதி உண்டான்னு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுட்டுக் கிளம்புங்க.

10/ நாலாவது, லைஃப் ஜாக்கெட். உங்களுக்கும் நாய்க்கும் தனித்தனியா. முதுகுல கைப்பிடி இருக்குற நாய் ஜாக்கெட் ஆன்லைன்லயே கிடைக்குது. முதல்ல வீட்டுலயே போட்டுப் பழக்குங்க, அப்புறம் கரையோரம் முட்டளவு தண்ணில. பரிசல் வட்டமா இருக்கும், நாய் ஒரு பக்கம் தாவுனா சாயும். பயிறைப் படகுல கட்டி வைக்காதீங்க, கவிழ்ந்தா நாய் தண்ணிக்கடியில மாட்டிக்கும். ராத்திரி படகு வேண்டவே வேண்டாம். சரக்கு போட்டுட்டு தண்ணில இறங்குறவங்களுக்கு இந்த த்ரெட் எந்த விதத்துலயும் உதவாது.

11/ இப்ப எல்லாத்தையும் விட முக்கியமானது. நாய் தண்ணில விழுந்துட்டா ஜாக்கெட் இல்லாம நீங்க பின்னாடி குதிக்காதீங்க. அதுக்கு நாலு கால், பெரும்பாலான நாய் நீந்தும். நீங்க சட்டை பேன்ட்டோட, பதட்டத்துல, ஆழம் தெரியாத அணைத் தண்ணில இறங்குவீங்க. உள்ள குளிர்ச்சி, சேறு, சுழல். அது கரையேறிடும், நீங்க ஏற மாட்டீங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க, துடுப்பை நீட்டுங்க, ஜாக்கெட் கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்குங்க. இதை வீட்டுலயே பேசி முடிவு பண்ணிக்கோங்க, குழந்தைங்ககிட்டயும் சொல்லி வைங்க. அந்த நொடியில யோசிக்க நேரம் இருக்காது.

12/ ‘இவ்வளவு வேலைன்னா ட்ரிப்பே வேண்டாம் சார்’னு சில பேர் சொல்வாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாரம் பூரா மெஷின் சத்தத்துல இருந்தவங்களுக்கு ஒரு ராத்திரி தண்ணிச் சத்தம் கேட்டுத் தூங்குறது மருந்து மாதிரி. ஆனா எந்த இடம், எந்தத் தண்ணி, எந்த ஊசின்னு நாய் கேக்காது. நீங்க வண்டிக் கதவைத் திறந்தா வாலை ஆட்டிக்கிட்டு ஏறிடும். அதுக்கும் சேத்து யோசிக்க வேண்டியது நீங்கதான்.

முதல் வேலையா நாளைக்கு அதோட தடுப்பூசி கார்டைத் தேடி எடுங்க.