வாசலில் ஒரு செம்புத் தண்ணீர்

சென்ற வாரம் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போனேன். வாசலில் வாளித் தண்ணீர், செம்பு, சோப்பு. கதவில் ஒரு சீட்டு: "ஜலதோஷம், காய்ச்சல் உள்ளவர்கள் தயவுசெய்து குணமான பிறகு வாருங்கள்."

உள்ளே அவள் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டு, அவள் கணவர் வீடு திரும்பி ஒரு மாதமாகிறது. அவரைப் பார்க்கப் பஸ் ஏறி வந்த பெரியம்மாவை, தும்மிக்கொண்டிருந்த பேரனோடு வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. "தூக்கி வளர்த்தவளுக்கு இதுதான் மரியாதையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

சிநேகிதி செய்தது தவறா, சகோதரிகளே? இல்லவே இல்லை.

ரத்தம் ஊறும் சுனை மஜ்ஜை. கடுமையான மருந்துகளால் பழைய மஜ்ஜையை அழித்துவிட்டு, அவருடைய தம்பி கொடுத்த மூல அணுக்களை ரத்தக் குழாய் வழியே ஏற்றியிருக்கிறார்கள். புதிய வெள்ளை அணுக்கள் தலைகாட்ட 2 முதல் 4 வாரம் ஆகும். அவை நோயோடு போராடப் பழகவோ ஒரு வருஷமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் பெரும்பாலும் போய்விடுகிறது. அந்த வகையில் அவர் இப்போது கைக்குழந்தை! நமக்கு மூன்று நாள் மூக்கொழுகலோடு போகும் வைரஸ், அவருக்கு நிமோனியாவாக முற்றிவிடக்கூடும்.

வெளியிலிருந்து வரும் விரோதி மட்டுமல்ல. உள்ளே தூங்கும் விரோதியும் உண்டு. என்றோ வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்புகளில் பதுங்கியிருக்கும். சைட்டோமெகலோ என்ற வைரஸ் நம்மில் மிகப் பெரும்பாலோர் உடம்பில் சத்தமின்றிக் குடியிருக்கிறது. காவல் இல்லாத நேரம் பார்த்து இவை விழித்துக்கொள்ளும். முதலாவதைத் தடுக்க, சுமார் ஒரு வருஷம் அசைக்ளோவிர் மாத்திரை கொடுப்பது வழக்கம். 1988-ல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணியின் ஆராய்ச்சிக் குழு தந்த மருந்து அது. இரண்டாவதற்கு, முதல் மூன்று மாதம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று மாத்திரையையோ பரிசோதனையையோ நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

அவரைத் தொடுமுன் ஒவ்வொருவரும் 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வீட்டிலுள்ள எல்லோரும் வருஷந்தோறும் இன்ஃபுளுயென்ஸா ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றும். அம்மை கண்ட குழந்தை அவர் அருகே வந்திருந்தால், அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்குமுன் டாக்டரைக் கேளுங்கள். அதில் இருப்பது உயிருள்ள வைரஸ்.

நோயாளிக்கும் தடுப்பூசிகளை மறுபடி போடுவார்கள். ஆனால் தட்டம்மை, சின்னம்மை ஊசிகளுக்கு இரண்டு வருஷமாவது பொறுக்க வேண்டும்.

இதையெல்லாம் பெரியம்மாவுக்கு விளக்கச் சொன்னேன். அன்று மாலையே சிநேகிதி டெலிபோன் செய்தாள். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டேனே, பெண்ணே!" என்றாராம்.

ஆகவே, சீட்டைக் கதவில் ஒட்டுவதற்கு முன்பே உறவினருக்குக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.