வழக்கம் என்ற பெயரில் தப்பிக்கும் சாதி

திருச்சபையின் போதனை என்றும் மாறாது என்கிறார்கள். திருச்சபை காலத்தோடு சேர்ந்து வளர்கிறது என்றும் சொல்கிறார்கள். ஒரே பிரசங்கத்தில் இரண்டையும் கேட்டிருப்போம். கேட்பவருக்கு இது சாமர்த்தியமான மழுப்பலாகத் தோன்றலாம். ஆனால் கிறித்தவ இறையியலில் இது பழைய, கனமான கேள்வி. ஒரு கோட்பாடு வளர்ந்தும் அதே கோட்பாடாக இருக்க முடியுமா? முடியும் என்றால் எது வளர்ச்சி, எது திரிபு என்று யார் தீர்மானிப்பது?

தலித் உரிமை பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். இந்தியாவில் உள்ள சுமார் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் ஏறக்குறைய 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தன் கொள்கை ஆவணத்தில் சொல்லியிருக்கிறது. எண்ணிக்கையில் பெரும்பான்மை. ஆனாலும் கல்லறையிலும் தேர்ப்பவனியிலும் இன்னும் தனி வழி, தனி இடம். இது எப்படி இவ்வளவு காலம் நீடிக்க முடிந்தது என்று தேடிப் போனால், கடைசியில் இந்தக் கோட்பாட்டுக் கேள்வியில்தான் வந்து நிற்கிறோம்.

முதலில் கோட்பாடு எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். 325இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்கள், தந்தையும் மகனும் ஒரே பொருளால் ஆனவர்கள் என்று அறிக்கையிட்டார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல் விவிலியத்தில் எங்குமே இல்லை. புதிதாக எதையோ நுழைக்கிறீர்கள் என்று அன்றே சண்டை நடந்தது. பழைய நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் இந்தப் புதிய சொல் தேவைப்படுகிறது என்பது ஆதரித்தவர்களின் பதில். நூறு ஆண்டுகள் கழித்து, 434 வாக்கில், லெரின் தீவு மடத்துத் துறவி வின்சென்ட் இதற்கு ஓர் உவமை சொன்னார். குழந்தை வளர்ந்து பெரிய ஆளாகிறது, கைகால்கள் நீள்கின்றன, ஆனாலும் ஆள் அதே ஆள்தான். கோட்பாடும் அப்படி வளரலாம், வேறொன்றாக மாறக் கூடாது என்றார்.

இதை முழுமையான வாதமாகக் கட்டியவர் ஜான் ஹென்றி நியூமன். ஆங்கிலிக்கன் குருவாக இருந்து 1845இல் கத்தோலிக்கரானவர். அதே ஆண்டில் கோட்பாட்டு வளர்ச்சி பற்றிய நூலை வெளியிட்டார். உண்மையான வளர்ச்சியையும் அழுகலையும் பிரித்தறிய ஏழு அடையாளங்களை அதில் கொடுத்தார். அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, வெளியிலிருந்து வருவதைத் தன்வயமாக்கும் சக்தி: உயிருள்ள உடல் உணவைச் செரித்துத் தன் சதையாக்கிக்கொள்வது போல. இன்னொன்று, பின்னால் விரியப்போவதன் சாயல் ஆரம்பத்திலேயே தென்படுவது. நியூமனை 2019இல் புனிதராகவும் 2025இல் மறைவல்லுநராகவும் அறிவித்தது திருச்சபை. ஆகவே அவருடைய அளவுகோலை எடுத்துத் திருச்சபையையே அளப்பதில் தவறு எதுவும் இல்லை.

அடிமை முறையை எடுத்துக்கொள்வோம். 1452இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ், கிறித்தவரல்லாதவர்களைப் பிடித்து நிரந்தர அடிமைகளாக்கப் போர்ச்சுகல் அரசருக்கு அனுமதி கொடுத்தார். 1537இல் மூன்றாம் பவுல், அமெரிக்கப் பழங்குடிகள் முழு மனிதர்களே, அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக் கூடாது என்றார். ஆனால் 1838இல் அமெரிக்காவில் மேரிலாந்து இயேசு சபையினர் 272 கறுப்பின அடிமைகளை விற்றார்கள். அதில் வந்த பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. அடுத்த ஆண்டே திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அடிமை வணிகத்தைக் கண்டித்தார். உடனே அமெரிக்க ஆயர் ஒருவர், கண்டனம் வணிகத்துக்குத்தான், வீட்டில் அடிமை வைத்துக்கொள்வதற்கு இல்லை என்று விளக்கம் எழுதினார். 1866இல்கூட, அடிமை முறை தன்னளவில் இயற்கைச் சட்டத்துக்கு விரோதமானதல்ல என்று ரோமின் கோட்பாட்டு அலுவலகம் பதில் அனுப்பியது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அடிமைத்தனத்தை மனித மாண்புக்கு எதிரான இழிசெயல்களின் பட்டியலில் வைத்தது. 1993இல் இரண்டாம் யோவான் பவுல் அந்தப் பட்டியலையே எடுத்துக்காட்டி, எந்தச் சூழலிலும் நியாயப்படுத்த முடியாத தீமைகள் என்றார்.

1452இலிருந்து 1993 வரை நடந்ததை வளர்ச்சி என்று சொல்வதா, தலைகீழ் மாற்றம் என்று சொல்வதா என்று இறையியலாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நான் கவனிப்பது வேறொன்று. எவ்வளவு தாமதமானாலும் அடிமை முறை கடைசியில் கோட்பாட்டுக் கேள்வியாக ஆனது. இது தீமையா இல்லையா என்று திருச்சபை தன் பெயரில் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வந்தது. சாதி விஷயத்தில் அந்த நிலை வரவே இல்லை. அதற்கான காரணம் மதுரையில் தொடங்குகிறது.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, பிராமணச் சந்நியாசியைப் போல வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக அந்தஸ்தின் அடையாளங்கள், சமயச் சின்னங்கள் அல்ல என்று வாதிட்டார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அதை ஏற்றுக்கொண்டார். பண்பாட்டை மதித்த முன்னோடி என்று நொபிலியை இன்றும் கொண்டாடுகிறார்கள். அவருடைய தமிழறிவைப் பற்றி எனக்குச் சர்ச்சை இல்லை. ஆனால் சாதியின் அடையாளத்தைச் சமயத்துக்கு வெளியே எடுத்து, 'வழக்கம்' என்ற பெட்டிக்குள் வைத்த வேலை அங்கேதான் நடந்தது. பெட்டிக்குள் போனதைக் கோட்பாடு கேள்வி கேட்காது.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினரோடு வெளிப்படையாகப் பழகினால் சந்நியாசி குருக்களின் மதிப்பு போய்விடும் என்பதால், 1640களில் 'பண்டாரசுவாமிகள்' என்று தனிப்பட்ட குருக்கள் வந்தார்கள். 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்நோன், நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்று ஆணையிட்டார். ஓர் ஆணை போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். நாற்பது ஆண்டுகள் சண்டை. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் அந்த ஆணையை உறுதிப்படுத்தினார். கூடவே, தலித்துகளுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்கிறோம் என்ற இயேசு சபையின் யோசனையையும் ஏற்றுக்கொண்டார். ஆணையும் நிறைவேறியது, தீண்டாமையும் நிலைத்தது.

சீர்திருத்தச் சபைகளில் சண்டை வேறு விதமாகப் போனது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனே முற்றாகக் கைவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் வேளாளக் கிறித்தவர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். லைப்சிக் லுத்தரன் மிஷன், சாதி என்பது சமூக ஏற்பாடுதான், சபை கட்டாயப்படுத்தக் கூடாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அதிருப்தியாளர்கள் பலர் அந்தப் பக்கம் போனார்கள். இங்கும் அதே பெட்டிதான்.

வடக்கன்குளத்தில் வேளாளர்களையும் நாடார்களையும் பிரித்துக் கோயிலுக்குள்ளேயே இருந்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. பிரிவினை எங்கள் உரிமை என்று கேட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தச் சுவரைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது: அந்த வழக்கின் இரு தரப்பிலும் தலித்துகள் இல்லை.

களப்பணியில் ஒரு பங்குக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். கல்லறைத் தோட்டத்தின் நடுவில் உள்ள சுவரைப் பற்றிப் பேச்சு வந்தது. "நம்ம சபையில சாதி கிடையாதும்மா, இது ஊர் வழக்கம்" என்றார் மேடையில் இருந்தவர். பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து, "அப்ப ஊருக்கு ஒரு சாமி, சபைக்கு ஒரு சாமியா சாமி?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பாட்டி கேட்டது தேர்ந்த இறையியல் கேள்வி. சபையின் முதல் தலைமுறையிலேயே இதைக் கேட்டிருக்கிறார்கள். அந்தியோக்கியாவில் யூதரல்லாத கிறித்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். யாரோடு சாப்பிடுவது என்பது அவரவர் வழக்கம் என்று பவுல் விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. நற்செய்தியின் உண்மைக்கே விரோதமான நடத்தை என்று அதை எடுத்துக்கொண்டார். பணக்காரருக்கு நல்ல இடமும் ஏழைக்கு ஓரமும் கொடுக்கும் சபையை யாக்கோபின் கடிதம் கண்டிக்கிறது. பந்தியும் இருக்கையும் நிக்கேயாவுக்கு முன்பே விசுவாசப் பிரச்சினையாக இருந்தவை.

இப்போது நியூமனின் அளவுகோலை வைத்துப் பாருங்கள். தனிப் பந்தி தவறு என்பதன் வேர் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே சாதியைப் பாவம் என்று கோட்பாடாக அறிவிப்பது புதுமை ஆகாது, தொடர்ச்சிதான். செரிக்கும் சக்தி என்ற அடையாளத்தையும் பாருங்கள். சாதியைச் செரித்துவிடலாம் என்று உள்ளே விட்டார்கள். நானூறு ஆண்டுகளில் சாதி சபையைச் செரித்துக்கொண்டிருக்கிறது. அவருடைய கணக்கில் இதற்குப் பெயர் அழுகல்.

வழக்கத்தைக் கோட்பாட்டுக் கேள்வியாக மாற்ற முடியுமா என்று கேட்பவர்கள் தென்னாப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும். 1857இல் அங்குள்ள டச்சு சீர்திருத்தச் சபையின் பேரவை, வெள்ளையரும் மற்றவரும் சேர்ந்து வழிபடுவதே வேதத்துக்கு உகந்தது, ஆனால் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனியாக வழிபடலாம் என்று தீர்மானித்தது. விதிவிலக்கு வழக்கமானது. 1881இல் கலப்பின மக்களுக்கென்று தனிச் சபையே வந்தது. பின்னால் அது நிறவெறி அரசுக்கே இறையியல் ஆதரவாக வளர்ந்தது. 1982இல் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு, நிறவெறியை இறையியலால் நியாயப்படுத்துவது பேதகம் என்று அறிவித்தது. ஆதரித்த வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்தியது. ஒதுக்கப்பட்டவர்களின் சபை அதே ஆண்டில் பெல்ஹார் விசுவாச அறிக்கையை எழுதி, 1986இல் அதைத் தன் அறிக்கையாக ஏற்றது. சேர்ந்து வழிபட மறுப்பது விசுவாசத்தையே மறுப்பது என்ற நிலைக்கு அவர்கள் வந்தார்கள். அந்த வார்த்தைகளைத் தன் அறிக்கையாக ஏற்றது ஒதுக்கப்பட்டவர்களின் சபையே.

இங்கே ஒன்றுமே நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. 2003இல் இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 கொள்கை ஆவணம் அதைக் கடுமையான சமூகப் பாவம் என்றது. 2022இல் முதல் தலித் கர்தினாலாக அந்தோனி பூலா நியமிக்கப்பட்டார். இவற்றைச் சிறுமைப்படுத்த மாட்டேன். இவை மக்கள் போராடிப் பெற்றவை. ஆனால் 2024 ஏப்ரலில் மனித மாண்பு பற்றி வத்திக்கான் வெளியிட்ட கோட்பாட்டு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மாண்புக்கு எதிரான கொடுமைகளைப் பதின்மூன்று தலைப்புகளில் பேசுகிறது. வறுமை, போர், ஆள்கடத்தல் எல்லாம் இருக்கின்றன. டிஜிட்டல் வன்முறைக்குக்கூடத் தனித் தலைப்பு உண்டு. சாதிக்கு இல்லை. இந்தியாவில் கொள்கை ஆவணத்தில் இருப்பது, ரோமின் கோட்பாட்டில் இன்னும் ஏறவில்லை.

'எங்கள் கோட்பாட்டில் சாதி இல்லை' என்ற வாக்கியத்துக்கு நம் மக்கள் சட்டத்திலும் விலை கொடுக்கிறார்கள். 1950 பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி கிறித்தவ தலித்துகளை வெளியே நிறுத்துகிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. 1985இல் சூசை வழக்கில், மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். உள்ளே சாதியை வழக்கம் என்று மறைத்துக்கொண்டே, வெளியே போய் எங்கள் மக்கள் சாதியால் துன்பப்படுகிறார்கள் என்று ஆயர்கள் மனு கொடுத்தால் அது எடுபடுமா?

கேட்பது இதுதான். சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்று மறைக்கல்வி நூலில் பெயர் சொல்லி எழுதுங்கள். முதல் நற்கருணை வாங்கும் பிள்ளை அதைப் படிக்கட்டும். தனிக் கல்லறை கேட்கும் குழுவிடம் 'ஊர் வழக்கம்' என்று பேச்சுவார்த்தை நடத்தாமல், இது விசுவாசத்துக்கு விரோதம் என்று சொல்லுங்கள். அந்த வாக்கியங்களை எழுதும் மேசையில் சேரியிலிருந்து வந்தவர்கள் பெரும்பான்மையாக உட்கார வேண்டும். என்றாவது ஒருநாள் ரோம் இதை அறிவிக்கும்போது, நாங்கள் எப்போதும் இதைத்தான் போதித்தோம் என்ற ஒரு வரியும் கூடவே வரும். அடிமை முறையில் அப்படித்தான் வந்தது. அதற்குள் இறந்துபோய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் புதைக்கப்பட்டவர்களின் கணக்கு அந்த வரியில் இருக்காது. அதனால் அந்த நாள்வரை காத்திருக்க முடியாது.