சோபகிருது கணக்கு: ஒரு கால் கழனியில, ஒரு கால் யானைக்கவுனியில

2024 ஏப்ரல்ல சோபகிருது வருஷம் முடிஞ்சு குரோதி பொறக்க ரெண்டு வாரம் இருந்தப்ப எழுதின கணக்கு இது. பங்குனி கடைசியில கணக்கு நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு உட்காருறது எங்க அப்பா காலத்துப் பழக்கம். அவர் நெல்லு, வைக்கோல், கடன் மூணை மட்டும்தான் எழுதுவார். நான் நல்லது கெட்டதையும் சேர்த்து எழுதுறேன்.

போன மாசம் பொன்னேரி ஸ்டேஷன்ல ரயிலுக்கு நின்னப்ப ஒரு தம்பி பேச்சு கொடுத்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலையாம், மரியாதையான பையன். நான் விவசாயின்னதும் கையப் புடிச்சுக்கிட்டு, "ஐயா, உங்க பையனையும் விவசாயத்துலயே வைங்க, விட்டுடாதீங்க"ன்னார். அவர் மனசு நல்ல மனசு. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். அன்னைக்குச் சொல்லாத பதிலை இன்னைக்குச் சொல்றேன்.

எங்க வீட்டு நிலவரம் இது. சொந்தம் ஒண்ணேகால் ஏக்கர், குத்தகை ஒரு ஏக்கர், ரெண்டு கறவை மாடு. வீட்ல எழுபத்தெட்டு வயசு அம்மா, நான், என் வீட்டுக்காரி, சின்னவன். பெரியவளைக் கட்டிக் கொடுத்தது சென்னை யானைக்கவுனியில. மாப்பிள்ளை வால்டாக்ஸ் ரோட்டுல ஒரு பார்சல் ஆபீஸ்ல வேலை. பொண்ணு வேப்பேரி பக்கம் ஒரு கடையில கணக்கு எழுதுறா. பத்துக்குப் பத்து ரூமும் ஒரு சமையல் கட்டும்தான் அவங்க வீடு. பழைய சென்னையைச் சுத்தி இருந்த மதில்ல ஒரு வாசல்தான் யானைக்கவுனி. கவுனின்னாலே கோட்டை வாசல்தானே. மதில் போயிடுச்சு, பேர் மட்டும் நிக்குது. எங்களுக்கு அது இன்னமும் வாசல்தான். பொன்னேரியில ரயில் ஏறி மூர் மார்க்கெட்ல இறங்கினா அங்கேயிருந்து நடைதான். போறப்ப அரிசி, மோர் மிளகாய், முருங்கைக்காய் போகும். வர்றப்ப மாத்திரையும் பணமும் வரும்.

வருஷம் நல்லபடியாத்தான் ஆரம்பிச்சுது. சித்திரையில பொண்ணுக்கு ராயபுரம் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில தலைப்பிரசவம். பொட்டப்புள்ள, ரெண்டு கிலோ தொள்ளாயிரம். எல்லாருக்கும் சந்தோஷம், எங்க அம்மாவைத் தவிர. "சித்திரை அப்பன் தெருவிலேன்னு சும்மாவாடா சொன்னாங்க"ன்னு மூக்கைச் சிந்துச்சு. அதே வாரம் சொர்ணவாரிக்கு நாத்து விட்டோம். புள்ளையும் தாயும் மூணு மாசம் எங்க வீட்லதான். என் வீட்டுக்காரி காலையில நாலு மணிக்கு மாடு கறந்து, பாலை சொசைட்டியில ஊத்திட்டு, புள்ளைக்குத் தண்ணி ஊத்தி, பத்திய சோறு ஆக்கி வச்சுட்டு நடவுக்கு வருவா. பட்டணத்துல எல்லாரும் பிஸின்னு சொல்றாங்க. அந்த மூணு மாசம் அவ அந்த வார்த்தையைச் சொல்லக்கூட நேரமில்லாம இருந்தா.

சொர்ணவாரி ஏடிடி 37. ஏக்கருக்கு 24 மூட்டை வந்துச்சு. வீட்டுக்கும் விதைக்கும் எடுத்தது போக 34 குவிண்டால் டிபிசியில போட்டோம். குவிண்டால் 2,265 ரூபாய். கைக்கு வந்தது 77,010. உழவு, நடவு, உரம், அறுப்பு மிஷின், குத்தகை எல்லாம் 56,000. மீதி 21,000. நாலு மாசம் ரெண்டு பேர் உழைச்ச கூலி அதுல சேரலை. செப்டம்பர் 15-ல மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் முதல் தடவையா வீட்டுக்காரி போனுக்கு மெசேஜா வந்துச்சு. அவ பேருக்குன்னு வந்த காசு. அந்த மெசேஜை அழிக்காம வச்சிருக்கா.

சின்னவன் டிப்ளமோ முடிச்சான். எண்ணூர் பக்கம் காண்ட்ராக்ட் வேலை, மாசம் 14,000. எனக்கு மனசு ஆறலை. பத்து நாள் அவன்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. கழனியை யார் பார்ப்பான்னு கேட்டேன். அவன், "நீ பார்க்கிறதுக்குத்தான்பா நான் வேலைக்குப் போறேன்"னான். அப்ப அது எனக்குப் புரியலை.

புரிய வச்சது கார்த்திகை மாசம். டிசம்பர் 3, 4 தேதியில மிக்ஜாம் புயல். சம்பாவுக்கு நட்ட பாபட்லா கதிர் கட்டுற நேரம். ஆரணி ஆத்துல வந்த தண்ணி வரப்பைத் தாண்டிடுச்சு, நிலம் எது, ஓடை எதுன்னு தெரியலை. ஆறு நாள் நின்னுச்சு. தண்ணி வடிஞ்சப்ப பயிர் அழுகி நாத்தம் அடிச்சுது. அதே நேரம் யானைக்கவுனி வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. ஏழு மாசக் குழந்தையைக் கட்டில் மேல வச்சுக்கிட்டு ரெண்டு ராத்திரி கரண்ட் இல்லாம உட்கார்ந்திருக்காங்க. போன் கிடைக்கலை. பேசின் பிரிட்ஜ் - வியாசர்பாடி நடுவுல பாலத்துல தண்ணி ஏறி ரயிலும் நின்னுபோச்சு. மூணாம் நாள் லைன் கிடைச்சப்ப பொண்ணு கேட்ட முதல் கேள்வி, "பயிர் இருக்காப்பா?" நான் கேட்டது, "புள்ளை எப்படி இருக்கு?" ரெண்டு பேருமே பதில் சொல்லாம கொஞ்ச நேரம் இருந்தோம்.

துக்கம் விசாரிக்க வந்த ஒரு அம்மா, "சித்திரைப் புள்ளை பொறந்த வேளை"ன்னு இழுத்தாங்க. எங்க அம்மாவுக்கு வந்ததே கோபம்! "ஊரே முழுகிக் கெடக்குது, எல்லார் வூட்லயுமா சித்திரைல பொறந்துது? எழுந்து போ"ன்னுடுச்சு. இந்த வருஷத்து வரவுல இதையும் எழுதியிருக்கேன்.

பட்டணத்து வேலைன்னா பயமில்லைன்னும் நான் சொல்லலை. அந்த வெள்ளத்துலதான் எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்து மீன்காரங்க வலையும் படகும் கறுப்பாச்சு. டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்துல அம்மோனியா வாயு கசிஞ்சு ஜனங்க வீட்டை விட்டு ஓடினாங்க. அன்னைக்கு சின்னவனுக்கு நைட் ஷிப்ட். விடியக்காலம் அவன் குரல் போன்ல கேக்குற வரைக்கும் வீட்டுக்காரி வாசப்படியை விட்டு எழுந்திருக்கலை.

இப்ப நிவாரணக் கதைக்கு வரேன். ரேஷன் கடையில 6,000 ரூபாய் கொடுத்தாங்க, உதவியா இருந்துச்சு. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000ன்னு அரசாங்கம் அறிவிச்சுது. ஏக்கருக்குப் பார்த்தா 6,900-க்குக் கிட்ட. என் சொந்த ஒண்ணேகால் ஏக்கருக்கு எட்டாயிரத்துச் சொச்சம் வந்துச்சு. குத்தகை ஏக்கருக்கு எனக்கு ஒண்ணும் இல்லை. உழுதவன் நான், உரம் போட்டவன் நான், பட்டா வேற ஒருத்தர் பேர்ல. பதினாறு வருஷமா வாய்வார்த்தைக் குத்தகை. அடங்கல்ல என் பேர் கிடையாது. அடங்கல் இல்லாததால அந்த ஏக்கருக்குப் பயிர் காப்பீடும் செய்ய முடியலை. நிலத்துக்காரர் சென்னையில இருக்கார், நல்ல மனுஷர். நிவாரணப் பணம் அவர் கணக்குக்குப் போச்சு. போன் பண்ணி, "அடுத்த குத்தகையில கழிச்சுக்கோங்க"ன்னார். அவர் மேல எனக்கு வருத்தம் இல்லை. ஆனா நவரைக்கு நாத்து வாங்க ஜனவரியில காசு வேணுமே, அடுத்த குத்தகை வரைக்கும் காத்திருக்குமா நாத்து?

அப்ப பொண்ணு செயினைக் கழட்டி சவுகார்பேட்டை அடகுக்கடையில வச்சு 12,000 கொண்டுவந்து கொடுத்தா. மாசாமாசம் அவ அனுப்பின மூவாயிரத்தைக் கூட்டினா வருஷத்துக்கு 36,000. கழனியில மிஞ்சினது 21,000. நோட்டுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். எங்க விவசாயம் ஆரணி ஆத்துத் தண்ணியில நடக்குதுன்னு நினைச்சிருந்தேன். அது யானைக்கவுனிச் சம்பளத்துல நடக்குது.

அதனாலதான் அந்த ரயில் தம்பிக்குச் சொல்றேன். என் பையனைக் கழனியிலயே கட்டிப் போட்டா கழனிதான் முதல்ல போகும். அவன் சம்பளம் இருந்தாத்தான் நான் இன்னும் நாலு போகம் உழ முடியும். ஞாயித்துக்கிழமை அவனும் மண்வெட்டி எடுக்கிறான், அது போதும். எங்களைச் சாமின்னு கும்பிடறதை விட, எங்க கணக்கை ஒரு தடவை பார்த்தா நல்லது.

உங்களுக்கு நிஜமாவே உதவணும்னு இருந்தா ஒரு வழி இருக்கு. இதைப் படிக்கிற உங்கள்ல பல பேருக்கு ஊர்ல தாத்தா நிலம் இருக்கும். யாரோ ஒரு சித்தப்பா, யாரோ ஒரு ஊர்க்காரர் உழுதுக்கிட்டு இருப்பார். அவருக்கு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. இன்ன சர்வே நம்பர்ல இந்த வருஷம் பயிர் வச்சது இவர்தான்னு. அதைக் காட்டி கிராம நிர்வாக அலுவலர்கிட்ட அடங்கல் கேக்க முடியும். காப்பீடு செய்யலாம், நிவாரணம் கேட்கலாம்.

எழுதிக் கொடுத்தா நிலம் கைவிட்டுப் போயிடும்னு பயம் இருக்கும். குத்தகைதாரர் பதிவுக்கு 1969-லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு. அந்த பயத்துனாலதான் வாய்வார்த்தையே இன்னும் ஓடுது. அந்த பயம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், வழக்குல மாட்டின நிலங்களை நானும் பார்த்திருக்கேன். ஆனா இப்ப என்ன நடக்குது? வெள்ளம் வந்தா நஷ்டம் உழுதவனுக்கு, காசு பட்டாவுக்கு. வருஷா வருஷம் புதுசா எழுதுற மாதிரி ஒரு தாளாவது இருந்தா ரெண்டு பேருக்கும் பயமில்லை. அரசாங்கமும் நிவாரணம் கணக்கெடுக்கும்போது பட்டா யாருதுன்னு மட்டும் பார்க்காம கழனியில நிக்கிறவன் யாருன்னும் கேட்கணும்.

எங்க நிலத்துக்காரர்கிட்டயும் இதைக் கேட்டிருக்கேன். எழுதிக் கொடுத்தா செய்றேன், இல்லன்னா நவரை அறுத்ததும் அந்த ஏக்கரை விட்டுடறேன்னு சொல்லிட்டேன். பதினாறு வருஷம் உழுத மண்ணு. சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கிச்சு. யோசிச்சுச் சொல்றேன்னிருக்கார்.

இந்தப் பொங்கலுக்குப் புது அரிசி இல்லை. சொர்ணவாரி அரிசியை எடுத்துக்கிட்டு எல்லாரும் யானைக்கவுனிக்கே போயிட்டோம். மொட்டை மாடியில செங்கல் வச்சுப் பொங்கினோம். பக்கத்து வீட்டு மார்வாடி அம்மா புள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு எங்களோட சேர்ந்து பொங்கலோ பொங்கல்னாங்க. எங்க அம்மா முதல் கவளத்தை அந்தச் சித்திரைப் புள்ளைக்குத்தான் ஊட்டுச்சு.

பல வருஷமா மூடிக் கிடந்த யானைக்கவுனிப் பாலத்துல இந்த மார்ச் மாசம் ஒரு பக்கத்தைத் திறந்துட்டாங்க. பொண்ணுக்கு வேப்பேரி போக அரை மணி நேரம் மிச்சம். எங்க நவரை இப்ப பால் பிடிச்சு நிக்குது. சித்திரையில அறுப்பு. நெல்லு வந்ததும் முதல் செலவு என்னன்னு நோட்டுல இப்பவே எழுதிட்டேன்: பொண்ணு செயின்.