வெட்டிய குடலை இணைப்பது எவ்வாறு?



இரைப்பையில் புற்று என்று மருத்துவர் கூறியதும், "கட்டியை எடுத்துவிட முடியுமா?" என்றுதான் குடும்பத்தார் கேட்கின்றனர். எடுத்தபின் எஞ்சும் இரு முனைகளையும் எவ்வாறு சேர்ப்பார்கள் என்று கேட்பவர் அரிது. மருத்துவரின் கவலையோ பெரும்பாலும் அந்த இணைப்பைப் பற்றியதாகவே இருக்கும்.

இக்கவலை புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவின் அறுவை மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, குடற்காயத்தின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, பெருந்தலை எறும்புகளைக் கடிக்கவிட்டு, உடலை நறுக்கித் தலையை மட்டும் விட்டுவிடும் முறையைத் தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் குறித்துள்ளார். (நம் நாட்டுச் சுசுருதரும் கரிய எறும்புகளைக் கூறியிருக்கிறார்.) 1881-ல் வியன்னாவில் பில்ரோத் இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றி, எஞ்சியதைச் சிறுகுடலோடு பட்டுநூலால் தைத்தார், நோயாளி பிழைத்தெழுந்தார்.

1991-ல் ஜப்பானில் கிட்டானோ குழுவினர் வயிற்றில் சிறு துளைகளிட்டு, லேப்ராஸ்கோப் உதவியுடன் இரைப்பைப் புற்றை அகற்றினர். கையை உள்ளே விட முடியாத இம்முறையில் தையலிடுவது கடினம். எனவேதான் ஸ்டேப்ளர் பெரிதும் பயன்படுகிறது. நீள்வடிவக் கருவி, இருபுறமும் டைட்டானியக் கம்பிகளை வரிசையாகப் பதித்து, நடுவே வெட்டிவிடும். உணவுக்குழலைக் குடலோடு சேர்க்க வட்டக் கருவியும் உண்டு. காளான் வடிவத் தட்டை மேல்முனையில் பொருத்தி, குடலின் வழியே வரும் கருவியோடு பூட்டி அழுத்தினால், வளையமாக இணைப்பு அமையும். வெட்டுண்டு வரும் இரு சதை வளையங்களும் முழுமையாக உள்ளனவா என்று மருத்துவர் பார்ப்பார். பிறகு இணைப்பை நீரில் மூழ்கவைத்து உள்ளே காற்றைச் செலுத்துவதும் உண்டு. பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடுவது போன்றதுதான்!

கருவி எதுவாயினும், முனைகளில் இரத்தவோட்டம் குன்றாமலும் இழுவிசை இல்லாமலும் இருந்தால்தான் இணைப்பு கூடும். கூடாவிட்டால் கசிவு, அது உயிருக்கே ஆபத்தாகலாம். அறுவைக்குப்பின் காய்ச்சல், படபடப்பு, மூச்சிரைப்பு, கூடுதல் வலி தோன்றினால் உடனே தெரிவியுங்கள். ஸம்ஸம் நீரேயாயினும், மருத்துவர் அனுமதிக்குமுன் ஒரு மிடறும் ஊட்டாதீர்கள். புகைப்பழக்கமோ நீரிழிவோ இருந்தால் முன்னரே மறைக்காமல் கூறிவிடுங்கள்.

இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவருக்கு வைட்டமின் பி12 ஊசி வாழ்நாள் முழுதும் தேவைப்படும். உணவைச் சிறுசிறு அளவாகப் பலமுறை உண்ண வேண்டியவர் ரமளானில் நோன்பு நோற்பது பற்றி மருத்துவரிடமும், பின்னர் ஆலிமிடமும் கேட்டுக்கொள்வது நலம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பு திறக்கும் வேளையில் இனிப்புச் சர்பத்தை ஒரே மூச்சில் குடித்தால், அது நேரே சிறுகுடலில் இறங்கி, வியர்வையும் மயக்கமும் உண்டாகும். அவருக்கு மட்டும் சர்க்கரையற்ற கஞ்சியைச் சிறு கிண்ணத்தில் வையுங்கள்.