தினமும் ஊசியா, ஒரே ஊசியா? மருந்துக்கு முளைத்த வால்!

திருவண்ணாமலையிலிருந்து கீமோதெரபிக்காக வேலூருக்கும் சென்னைக்கும் போய் வருபவர்கள் உண்டு. வீடு திரும்பிய பிறகுதான் அடுத்த கவலையே ஆரம்பிக்கும். புற்றுநோய் செல்களோடு ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் கீமோ குறைத்துவிடும். பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வரும் ஊர் இது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணக் கிருமித்தொற்றுகூட உயிருக்கு ஆபத்தாகலாம்.

இந்த அணுக்களை உயர்த்த 1991 முதல் பயன்பாட்டில் இருக்கும் புரத மருந்து, ஃபில்கிராஸ்டிம். ஆனால் அது உடலில் தங்காது. சிறிய புரதம் என்பதால் சிறுநீரகம் சல்லடைபோல வெளியேற்றிவிடும். சுமார் மூன்றரை மணி நேரத்தில் பாதி காலி! அதனால் சில நாள்களுக்குத் தினமும் ஊசி போட வேண்டும். நடக்கவே தெம்பில்லாதவரைத் தினமும் ஆட்டோவில் ஏற்றி இறக்குவது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்குத் தீர்வு தந்தது ‘பெக்’ எனப்படும் பாலிஎத்திலீன் கிளைகால். ஒரே மாதிரி சிறு மூலக்கூறுகளைப் பூச்சரம்போலக் கோத்த செயற்கை பாலிமர் இது. தண்ணீரைத் தன்னைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மருந்தோடு இதை வால்போல இணைத்தால் உருவம் பெரிதாகிவிடும், சல்லடையில் நழுவாது. 1970-களில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டேவிஸ் குழு தொடங்கிய யோசனை இது.

எங்கே இணைக்கிறோம் என்பதுதான் சூட்சுமம். சாவியின் பல்லில் நூலைச் சுற்றினால் பூட்டு திறக்காது; பிடியில் கட்டினால் திறக்கும். அப்படிப் புரதத்தின் ஒரு முனையில் பெக் சேர்த்து உருவானது பெக்ஃபில்கிராஸ்டிம். 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு கீமோ சுற்றுக்கு ஒரே ஊசி! வெள்ளை அணுக்கள் பெருகியதும், அவையே மிச்ச மருந்தை அகற்றிவிடும்.

இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. பெங்களூருவின் பயோகான், மைலான் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய இதன் மாற்று மருந்துக்கு 2018 ஜூனில் அமெரிக்கா அனுமதி தந்தது. அங்கே இந்த வகையில் அதுவே முதல் மாற்று மருந்து.

குறை இல்லாமல் இல்லை. எலும்பு வலி வரலாம். சிலரது உடல் பெக்கையே எதிரியாக நினைத்து எதிர்ப்பணுக்களை உருவாக்கும். அதனால், உடலுக்குள் எளிதில் சிதையும் புதிய பாலிமர்களை விஞ்ஞானிகள் வடிவமைத்து வருகிறார்கள்.

கீமோ முடிந்து 24 மணி நேரத்துக்குள் இந்த ஊசி போடக் கூடாது. ஊசி போட்டாலும் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், ‘விடியட்டும்’ என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.