நான்காம் இடத்தைப் பற்றி

மருத்துவமனைச் செய்திமடலில் கோல்ஃப் ஆட்டத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காடு ஏறும் சாலையோர ஊர்களில் இவ்வாட்டத்தை நேரில் கண்டவர் அரியர். ஆயினும் 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை விடியற்காலையில், அதன் விதிகள்கூட அறியாத பலர் நாடெங்கும் டோக்கியோ ஒலிம்பிக்கின் மகளிர் இறுதிச் சுற்றைப் பார்த்துக்கொண்டிருந்தனர். இரவுப் பணியிலிருந்த நானும் அவர்களுள் ஒருவன். ‘பேர்டி’ என்றால் என்ன என்று செவிலியர் கேட்டார். ஒரு குழிக்கு வரையறுத்த அடிகளைவிட ஓர் அடி குறைவாக முடிப்பது என்று கைப்பேசியில் தேடிய பின்பே என்னால் சொல்ல முடிந்தது.

ஆடியவர் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக். அப்போது வயது 23, உலகத் தரவரிசையில் 200-ஆம் இடம். மூன்று சுற்றுகளின் முடிவில் இரண்டாம் இடத்தில் இருந்தார். கடைசி நாளில் மழையும் மின்னலும் குறுக்கிட்டு ஆட்டம் சிறிது நேரம் நின்றது. கடைசிக் குழியில் அவர் தொலைவிலிருந்து உருட்டிய பந்து உள்ளே விழவில்லை. காத்திருப்போர் கூடத்தில் எழுந்த ‘ஐயோ’ என்னும் ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரே ஓர் அடியில் பதக்கம் கைநழுவியது. நெல்லி கோர்டா தங்கம் வென்றார். மோனே இனாமியும் லிடியா கோவும் அடுத்த இரு பதக்கங்களைப் பெற்றனர். மாலையில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வெல்லவே, காலையில் கண்ணீர் விட்டவர்களும் அதிதியை மறந்தனர். ‘என்ன இருந்தாலும் நான்காம் இடம்தானே’ என்றார் ஒருவர்.

அந்தத் ‘தானே’ எனக்கு உடன்பாடன்று. போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அதிதி கொரோனாவால் பாதிக்கப்பட்டிருந்தார். உடல்வலு குறைந்து, பந்தை முன்போல் நெடுந்தொலைவு அடிக்க இயலவில்லை என்று அவரே கூறினார். குழியருகே பந்தை உருட்டும் நுட்பத்தைக் கொண்டு அக்குறையை ஈடுசெய்து ஆடினார்.

நுரையீரல் மருத்துவனாகிய எனக்கு இது நாள்தோறும் காணும் காட்சி. கடும் நிமோனியாவிலிருந்து மீண்ட ஒரு தோட்டத் தொழிலாளியை அவருடைய மகன் அழைத்து வந்தார். ஏணியேறி மிளகு பறித்தவர். அப்போது வீட்டு வாசற்படி ஏறவே மூச்சு வாங்கியது. ‘மருந்து முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் இப்படியே இருக்கிறார் டாக்டர்’ என்றார் மகன். தந்தை தலைகுனிந்து அமர்ந்திருந்தார். கிருமி நீங்குவது ஒன்று. படுக்கையில் கரைந்த தசை மீண்டும் வளர்வது வேறொன்று. பின்னதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை ‘முன்பு எவ்வளவு செய்தீர்கள்’ என்று ஒப்பிடுவது நோயாளியின் மனத்தை மட்டுமே நோகச் செய்யும். ஆனால், அசையவிடாமல் படுக்க வைத்திருப்பது அதைவிடப் பெரிய தவறு. மூச்சு வாங்கினால் உட்காரட்டும். தணிந்ததும் மீண்டும் நடக்கட்டும். சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

டோக்கியோவில் அதிதியின் மட்டைப் பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவருடைய தாயார். 2016 ரியோவில் தந்தையார் சுமந்தார். இப்பணி செய்பவரைக் ‘கேடி’ என்பர். நம் ஊரில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டென்பதால் பலர் சிரித்தனர். சுமையைத் தாம் ஏற்று, நான்கு நாளும் கூடவே நடந்து, அடிக்க வேண்டிய தருணத்தில் விலகி நின்றார் அத்தாய். பராமரிப்பவர்களுள் பலருக்கு இவ்விலகல்தான் கைவருவதில்லை. சட்டைப் பொத்தானைக்கூட நோயாளி போட்டுக்கொள்ள விடுவதில்லை.

அந்த மகனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தந்தை தாமாகவே நடந்த தூரத்தை மட்டும் எழுதிவரச் சொன்னேன். அடுத்த முறை முதல் பக்கத்தில் ‘கிணறு வரை’ என்றிருந்தது. கடைசிப் பக்கத்தில் ‘டீக்கடை வரை, திரும்பும்போது பால் பாக்கெட்டுடன்’ என்றிருந்தது. ஏணி இன்னும் சுவரில்தான் சாய்ந்திருக்கிறதாம்.