சாவு வீட்டுக்கு எந்தப் பூ?

ஆபீஸில் யாருடைய அப்பாவாவது இறந்துவிட்டால், டீம் வாட்ஸ்அப் குழுவில் அரைமணி நேரத்துக்குள் மூன்று கேள்விகள் வந்துவிடும். மாலையா, மலர்வளையமா? எவ்வளவு பெருசு? ரிப்பனில் டீம் பெயரா, கம்பெனி பெயரா? உடனே ஆளுக்கு இருநூறு ரூபாய் ஜிபே. பத்து வருஷத்துக்கு மேல் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். இறந்தவருடைய மனைவிக்கு இனிமேல் யாராவது பூ கொடுப்பார்களா என்று ஒருத்தர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. சாவு வீட்டுப் பூ பற்றி மரியாதை பேசுவதென்றால் அங்கேதான் பேச வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் மாலையைப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் எழவு வீட்டுக்கு மாலை அனுப்பும் வழக்கம் கிடையாது, கொண்டுபோகும் வழக்கம்தான் உண்டு. தெருமுனைக் கடையில் ரோஜா மாலையோ சம்பங்கி மாலையோ வாங்கி, நாமே கையில் ஏந்திப்போய்ப் போட்டுவிட்டு, கும்பிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, போயிட்டு வரேன் என்று சொல்லாமல் கிளம்புவோம். அந்த மாலையில் நம் பெயர் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் நாமே அங்கே நிற்கிறோம். மலர்வளையத்துக்குக் கல்லறையில் ஓர் அர்த்தம் உண்டு. புதைத்த இடத்தின் மேல் அது கிடக்கும். உடலை எரிக்கும் வீட்டில், ரிப்பனோடு சுவரில் சாய்த்து வைத்த வளையம் வெறும் விளம்பரப் பலகை. மின்மயானத்தில் உடலை உள்ளே அனுப்பும் முன்பு எல்லா மாலைகளையும் கழற்றி ஓரமாகக் குவித்துவிடுகிறார்கள். மிச்ச மாலைகள் வரும் வழியிலேயே ரோட்டில் வீசப்பட்டிருக்கும். உதிரிப்பூ தூவுவது வேறு. நாரோடு முழு மாலையை வீசினால், பின்னால் பைக்கில் வருகிறவன் சறுக்கி விழுவான். அவன் வீட்டுக்கும் ஒரு மாலை தேவைப்படலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உடல் போன பிறகு அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை பூ வாங்குகிறார்கள். பல இந்துக் குடும்பங்களில், பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ, அந்த அம்மாவுக்குத் தலை கொள்ளாமல் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, பொட்டு வைத்து, கடைசியாக அலங்கரித்து, பிறகு ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். செத்தவருக்குக் கழுத்து தெரியாத அளவு மாலை. உயிரோடு இருப்பவருக்கு ஆயுசுக்கும் ஒரு முழம் கிடையாது. மனைவி செத்தால் கணவனிடமிருந்து என்ன எடுக்கிறார்கள்? ஒன்றுமில்லை.

"சங்க காலத்துலேர்ந்தே இருக்கு பாஸ்" என்பார்கள். கைம்மை நோன்பின் கொடுமை புறநானூற்றில் இருப்பது உண்மைதான். ஆனால் அதே தொகுப்பில் 242ஆம் பாடலும் இருக்கிறது. குடவாயிற் கீரத்தனார் பாடியது. ஒல்லையூரில் சாத்தன் இறந்த பிறகு இளைஞர்கள், பெண்கள், பாணன், பாடினி என யாருமே முல்லையைச் சூடவில்லை என்கிறது அது. துக்கம் மொத்த ஊருக்கும் பொது. பழசுதான் வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்களேன்! மகனும் மருமகனும் பங்காளிகளும் ஆயுசுக்கும் எதையாவது விடட்டும் பார்க்கலாம்.

விதவை மறுமணத்தை அனுமதித்து 1856இலேயே சட்டம் வந்துவிட்டது. ஈரோடு மாவட்டத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் வரக் கூடாது என்று தடுத்த வழக்கில், 2023 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் இதெல்லாம் நாகரிகச் சமூகத்தில் இருக்கக் கூடாது என்று கண்டித்தது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டோம். அந்த மல்லியை ஒரு தலையில் வைக்கத்தான் இன்னும் பெரியவர்களிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

"அவங்களே வேணாம்னுதான் சொல்றாங்க." சுற்றி நாற்பது சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? இழப்பின் வலியில் ஒருத்தர் தானாகப் பூவை வேண்டாம் என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு முதலில் யாராவது கொடுக்க வேண்டும் அல்லவா? வெள்ளிக்கிழமை பூக்காரம்மா வரும்போது வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் கிள்ளிக் கொடுத்துவிட்டு, அவர் ஒருத்தரை மட்டும் தாண்டிப் போகும் அந்தக் கையைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

ஆகவே டீம் நண்பர்களே, வளையம் வேண்டாம், ரிப்பன் வேண்டாம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு மாலை போதும். முடிந்தவர்கள் நேரில் போங்கள். மிச்சக் காசை வைத்திருந்து, பதினாறாம் நாள் கழிந்து ஏதோ ஒரு சாதாரண நாளில், இரண்டு முழம் மல்லியோடு மறுபடியும் போங்கள். ஆண் கொடுத்தால் ஒரு மாதிரி இருக்கும் என்றால் உங்கள் அம்மாவையோ அக்காவையோ கூட்டிப்போங்கள். எல்லாருக்கும் கொடுப்பதுபோல அவருக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். தலையில் வைப்பதோ, சாமி படத்துக்குப் போடுவதோ, வேண்டாம் என்பதோ அவர் இஷ்டம்.